அலுமாரியின் மேற்பூச்சு: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுக்கு ஆதாரங்கள் எவை என வினாவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அரசாங்கப் பதிவேடு என மாணவர் தடையின்றி விடை கூறுவர். வீட்டின் மூலையில் நிற்கும் அலுமாரியை எவரும் அவ்வரிசையிற் சேர்ப்பதில்லை. கல்லிலும் செம்பிலும் எழுத்துப் பொறித்தோர், பின்வருவோர் படித்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடேயே பொறித்தனர். ஆதலின் அவர் கூற்றுக்களிற் புனைந்துரைக்கும் இடமுண்டு. அலுமாரி செய்த தச்சனுக்கு அத்தகைய நோக்கம் இருந்ததில்லை. அவன் விட்டுச்சென்ற சான்று தான் அறியாமலே விட்டுச்சென்றது. அச்சான்றிற் பெரும்பகுதி மரத்தின் உள்ளே அன்று, அதன் மேற்பரப்பிலே, நகத்தின் தடிப்பிலும் குறைந்த ஒரு பூச்சிலே தங்கியிருக்கின்றது. பழைய தளபாடங்களின் பூச்சைச் சுரண்டி நீக்கிப் புதிதாய்ப் பொலிஷ் இடுவித்தல் இன்று பலரும் விரும்பிச் செய்யும் காரியமாகிவிட்டது. யானும் ஒருமுறை செய்வித்தேன். அதன் விளைவைப் பின்னர்க் கூறுவேன்.

முதலிற் பெயர்களை நோக்குவோம். மேசை, கதிரை, அலுமாரி என்னும் மூன்றும் போர்த்துக்கேயர் வாயிலாகத் தமிழில் வந்து குடியேறிய சொற்கள். சாவி என்பதும் அவர்தம் சொல்லே. எனினும் யாழ்ப்பாணத்தார் அதனை வாயிலிலேயே நிறுத்திவிட்டுத் திறப்பு என்னும் தமிழ்ச் சொல்லை இன்றும் வழங்கிவருகின்றனர். அலுமாரியில் இழுத்துத் திறக்கும் அறையை லாச்சி என்கின்றோம். அஃது ஒல்லாந்தர் தந்தது. கட்டில், பேழை, பெட்டகம் என்பன நம்முடையவை. படுப்பதற்கும் பூட்டி வைப்பதற்கும் பொருளும் பெயரும் நம்மிடம் முன்னரே இருந்தன. பேழை கிடப்பது, அலுமாரி நிற்பது. மடித்து அடுக்கிய பொருளை மேலிருந்து கிளறி எடுத்த குடும்பம், கதவைத் திறந்து கண்ணுக்கு நேரே கண்டு எடுக்கத் தொடங்கிய மாற்றம் இச்சொற்களினுள்ளே அடங்கியிருக்கின்றது.

போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 ஆம் ஆண்டில் அஃது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வரும்வரை அவர்கள் இங்கிருந்தனர். இலங்கையில் எஞ்சியுள்ள பழைய தளபாடங்களுட் காலத்தால் முந்தியவை பெரும்பாலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தைச் சேர்ந்தனவே. கம்பனி உத்தியோகத்தர் தம் தாய்நாட்டு வடிவங்களை நினைவிற் கொண்டுவந்தனர்: மேலே கனத்த விளிம்பு, கீழே உருண்டைக் கால்கள், பலகை பொருத்திய இரட்டைக் கதவுகள், திறப்புத் துவாரத்தைச் சூழ்ந்து சித்திரவேலை கொண்ட பித்தளைத் தகடு. வடிவம் அவர்களுடையது, மரமும் கையும் இத்தேசத்தவை. கருங்காலி, முதிரை, பலா, தேக்கு ஆகியவற்றோடு, சிங்களத்திற் கலுமெதிரிய எனப்படும் கலமந்தர் மரமும் பயன்பட்டது. கபில நிறத்திற் கரிய வரிகள் ஓடும் அம்மரத்தை ஐரோப்பியர் பெரிதும் விரும்பினர். அவ்விருப்பமே அதற்குக் கூற்றுவனாயிற்று. 1859 ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனன்ற், கலமந்தர் வெட்டி அழிக்கப்பட்டு அருகிவிட்டதை அப்பொழுதே குறித்திருக்கின்றார். ஆகவே கலமந்தர் அலுமாரி ஒன்றைச் சுரண்டுபவர், மீண்டும் பெறுதற்கரிய மரத்தையே இழைத்துத் தூளாக்குகின்றார் என்பதை நினைத்தல் தகும்.

தளபாடங்களின் வரலாற்றை மேற்பார்வையாற் கணித்தல் எத்துணை ஏமாற்றம் தருவது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சோழமண்டலக் கரையிலே கருங்காலியிற் கதிரைகள் செய்யப்பட்டன. முறுக்கிக் கடைந்த கால்களும், பூவும் கொடியும் செதுக்கிய முதுகுச் சட்டங்களும் அவற்றின் இலக்கணம். அக்கரையின் ஒல்லாந்தத் தலைமையிடம் 1690 ஆம் ஆண்டிற் பழவேற்காட்டிலிருந்து நாகபட்டினத்துக்கு மாற்றப்பட்டது. கப்பலேறி இங்கிலாந்து சென்ற இத்தகைய கதிரைகள் அங்குள்ள பழைய மாளிகைகளிற் பரவின. நாளடைவில் அவற்றின் பிறப்பிடம் மறந்துபோயிற்று. ஹொரஸ் வால்போல் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர், இத்தகைய கருங்காலிக் கதிரைகள் ரியூடர் மன்னர் காலத்து ஆங்கிலப் பொருள்கள் என்று நம்பி, 1763 ஆம் ஆண்டில் ஏலத்தில் வாங்கித் தம் ஸ்ரோபெரி ஹில் மாளிகையில் வைத்தார். 1530 ஆம் ஆண்டில் இறந்த கார்டினல் வுல்சியோடு தொடர்புடையது எனக் கருதப்பட்ட ஒரு வீட்டில் இவை போன்றவற்றைக் கண்டமையே அவரது நம்பிக்கைக்கு ஆதாரம். அவரைப் பின்பற்றிப் பலர் அவ்வாறே நம்பினர். நம்மவர் உளி செதுக்கிய கதிரை, எட்டாம் ஹென்றியின் காலத்துக் கதிரையாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் மதிக்கப்பட்டது! கருமையைப் பழைமை என்று கொண்டமையால் நேர்ந்த பிழை இது. இதற்கு நேர்மாறான பிழையை நாம் செய்கின்றோம். பளபளப்பே பழைமையின் அடையாளம் என்று நாம் கொள்கின்றோம்.

அப்பளபளப்பின் வரலாறு இன்னும் சுவையானது. அது கொம்பரக்கிலிருந்து தொடங்குகின்றது. பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் ஒரு சிறு பூச்சியினம் கூட்டமாய் ஒட்டி வாழ்ந்து, தன்னைச் சுற்றிப் பிசின் ஒன்றைச் சுரக்கின்றது. கொம்போடு வெட்டி எடுப்பதனால் அதற்குக் கொம்பரக்கு என்று பெயர். அதனை இடித்து, நீரில் அலம்பிச் செஞ்சாயத்தை நீக்கி, மணிமணியாய் உலர்த்துவர். பின்னர் நீண்டு ஒடுங்கிய துணிப்பையில் இட்டுக் கரிநெருப்பின் அருகே பிடித்து முறுக்க, உருகிய அரக்குத் துணியின் இழைகளூடே வடியும். வடிந்ததைச் சூடு ஆறுமுன் கையாலும் காலாலும் பற்றித் தோல்போல் இழுத்து விரித்து, ஆறியபின் உடைத்தால், அவல்போன்ற மெல்லிய பொற்றகடுகளாகும். இதுவே ஷெலாக். செயற்கைச் சாயங்கள் தோன்றுவதற்கு முன்னர், அலம்பிய நீரிற் கரைந்த அச்செஞ்சாயமும் வணிகர் விரும்பிக் கொண்ட பண்டமாயிருந்தது.

அரக்கு நமக்குப் புதியதன்று. பாண்டவரை எரிக்க அரக்கு மாளிகை சமைத்த கதையைச் சிறுபிள்ளையும் அறியும். கடைசற் பட்டடையிற் சுழலும் மரத்தின்மேல் நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசலின் சூட்டில் அஃது உருகிப் பிடிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் கடைந்த பொருள்களுக்கு நிறமேற்றிய முறை இதுவே. மாத்தளைப் பகுதியில் உருகிய அரக்கை நூலாய் இழுத்துப் பெருவிரல் நகத்தால் நறுக்கிச் சித்திரம் அமைக்கும் கைவினை ஒன்று உண்டு. இவையெல்லாம் அரக்கை உருக்கி இடும் முறைகள். அரக்கை மதுசாரத்திற் கரைத்துப் பூசும் முறை வேறு. ஐரோப்பியர் அதனைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். 1688 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த ஸ்ரோக்கர், பார்க்கர் ஆகியோரின் நூல் அத்தகைய பூச்சுக்களைக் கூட்டும் வகையை விரித்துரைக்கின்றது. ஆயினும் அக்காலத்திற் பெரும்பாலான மரப்பொருள்கள் தேன்மெழுகும் எண்ணெயும் தேய்த்தே முடிக்கப்பட்டன. மெழுகிட்ட மரம் ஒளிரும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியாகாது.

கண்ணாடி போன்ற பளபளப்புப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரிலிருந்து வந்தது. நெப்போலியனின் போர்கள் 1815 ஆம் ஆண்டில் முடிந்தபின் அஃது இங்கிலாந்திற் பரவிற்று. அங்கே அதற்குப் பிரெஞ்சுப் பொலிஷ் என்று பெயராயிற்று. கம்பளித் துண்டை மெல்லிய வெள்ளைத்துணியில் முடிந்து, ஷெலாக் கரைசலை அதற்குள் ஊட்டி, ஒரு துளி ஆளிவிதை எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, வட்டமாயும் எட்டின் வடிவாயும் ஓயாது தேய்த்தல் அதன் முறை. ஒரு நாளில் முடியும் வேலையன்று. ஒவ்வொரு படையும் உலர, அடுத்தது இடப்படும். மதுசாரம் முந்திய படையைச் சிறிது கரைப்பதால் புதியது பழையதனுள்ளே கலந்து ஒன்றாகிவிடும். இத்தன்மையை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இதன் பயன் தோன்றும்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சி இலங்கையில் 1796 ஆம் ஆண்டுடன் முடிந்தது. பிரெஞ்சுப் பொலிஷ் அதற்குப் பின்னரே பரவியது. ஆகவே ஒல்லாந்தர் காலத்து அலுமாரி ஒன்று கண்ணாடிபோற் பளபளக்குமாயின், அப்பளபளப்பு அவ்வலுமாரியோடு பிறந்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அல்லது அதன் பின்னர் அதன்மேல் ஏற்றப்பட்டது. அவ்வாறாக, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் பளபளக்கப் பொலிஷ் இட்டு, ஆதி நிலைக்கு மீட்டுவிட்டோம் எனப் பெருமிதம் கொள்வோர் எதனை மீட்டனர்? ஒருபோதும் இருந்திராத ஒரு நிலையையே படைத்தனர். மேல்நாட்டிலும் இக்கூத்து நிகழ்ந்தது. பிரித்தானியாவிற் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மலிவான பைன் மரத்தாற் செய்த அலுமாரிகளுக்கு நிறப்பூச்சு இடுவதே வழக்கம். மரத்தை மறைப்பதே தச்சனின் கருத்து. 1960களிலும் 1970களிலும் அவற்றை எரிசோடாத் தொட்டிகளில் அமிழ்த்திப் பூச்சை உரித்து, வெறும் மரமாக வைப்பது நாகரிகமாயிற்று. பாட்டன் காலத்துக் கிராமிய எளிமை என்று அதனைப் போற்றினர். அந்தப் பாட்டன் எழுந்துவந்து கண்டிருந்தால், வேலை முடியுமுன்னே எவனோ தூக்கிவந்துவிட்டான் என்றே எண்ணியிருப்பான்.

பிரெஞ்சுப் பொலிஷுக்குப் பின்வந்தவற்றை நீட்டித்துக் கூறவேண்டியதில்லை. எண்ணெய் வார்னிஷும் எனமல் பூச்சும் வந்தன. 1920களில் மோட்டார் வாகனங்களுக்கென உருவான நைத்திரோசெலுலோசுப் பூச்சு, விரைவில் உலரும் தன்மையால் தளபாடத் தொழிலையும் பற்றிக்கொண்டது. நம் வீடுகளிலே பச்சையும் நீலமும் கபிலமுமான எனமல் பூச்சு முதிரையையும் தேக்கையும் வேற்றுமை பாராது மூடிற்று. இதற்கு அக்காலத்தாரைப் பழித்தல் நீதியன்று. ஷெலாக் நம் காலநிலைக்கு முற்றும் பொருந்தியதன்று. ஈரம் பட்டால் வெண்மை படரும், சூடான பாத்திரம் வைத்தால் வட்டமாய்த் தழும்பு விழும். கழுவித் துடைக்கத்தக்க பூச்சொன்று கிடைத்தபொழுது அதனை விரும்பாத இல்லாள் யார்?

இனி என் கதைக்கு வருவேன். வடமராட்சியிலுள்ள என் தாயாரின் பிறந்த வீட்டிலே முதிரை அலுமாரி ஒன்று நின்றது. தேசவழமை 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தராற் சட்டமாக வெளியிடப்படுவதற்கு முன்னரே, சீதனம் பெண்வழி இறங்கும் முறை நம் மக்களிடம் வேரூன்றியிருந்தது. அவ்வழியே அவ்வலுமாரியும் தாயிடமிருந்து மகளுக்காக இறங்கி வந்தது. அதன்மேற் பச்சை எனமல் பூச்சு இருந்தது. ஆசிரியத் தொழிலிற் சேர்ந்த புதிதில், அதனைப் புதுப்பிக்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. ஒரு விடுமுறை நாளில் திறப்புத் துவாரத்தைச் சுற்றிச் சிறிது சுரண்டினேன். பச்சைக்குக் கீழே கபிலம் தோன்றியது. அதன் கீழே பொன்னிறமாய் ஒரு படை. அதன் கீழே மரம். மரத்திலே திறப்புத் துவாரத்தைச் சூழ்ந்து, அயலினும் நிறம் வேறுபட்ட உருவம் ஒன்று தென்பட்டது. வளைந்த ஓரங்களும் மேலே கூம்பிய நுனியும் கொண்ட அவ்வுருவத்தின் விளிம்பில் நுண்ணிய துவாரங்கள் இருந்தன. அழகாய் இருக்கின்றதே என்று பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் எண்ணவில்லை. கை சலித்தது; மறுநாள் அலுமாரியை ஒரு பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்.

பட்டறையில் எரிசோடாக் கரைசலைப் பயன்படுத்தினர். பூச்சு அனைத்தும் நீங்கியது உண்மை. அதனோடு மூட்டுக்களைப் பற்றியிருந்த வச்சிரமும் கரைந்தது. விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அப்பசைக்கு எரிசோடா பகை. மரத்தின் பொன்னிறம் மங்கி அழுக்கேறிய கருமை படிந்தது. கருமையைப் போக்க அரத்தாள் கொண்டு தேய்த்தனர். துவாரங்களை மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தனர். மூட்டுக்களுக்கு ஆணி அடித்தனர். ஈற்றிற் பளபளக்கும் பொலிஷ் இட்டனர். வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் மெச்சினர். யானும் மெச்சினேன்.

பல்லாண்டுகள் கழித்து, இலங்கையின் ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் பற்றி ஆர். எல். புரோகியர் எழுதி 1969 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலைக் கற்கும் வாய்ப்பு நேர்ந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் 1982 ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த ஒல்லாந்தர் கால நூதனசாலையின் பொருள்களையும் கண்டேன். அங்கே அலுமாரிக் கதவுகளிலிருந்த பித்தளைத் தகடுகளைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்குற்றது. யான் அன்று சுரண்டிய இடத்திற் கண்டது கழற்றப்பட்ட தகடொன்றின் நிழல். தகட்டின் கீழிருந்த மரம் வெயிலும் கையழுக்கும் படாமையால் நிறம் வேறுபட்டிருந்தது. நுண்ணிய துவாரங்கள் அதனைப் பிடித்த ஆணிகளின் வழி. அவ்வுருவத்தை ஒரு கடதாசியில் வரைந்திருந்தால், வேறிடங்களிலுள்ள தகடுகளோடு ஒப்பிட்டு அவ்வலுமாரியின் காலத்தை ஓரளவாயினும் மதிப்பிட்டிருக்கலாம். நிழலை அரத்தாள் தின்றது. துவாரங்களை மெழுகு அடைத்தது. கூலி கொடுத்தவன் யான்.

பழையதைச் சுரண்டலாகாது என்னும் கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கும் சிறப்பான இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கட்டடக்கலைஞர் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகக் கூறிச் சுவரின் சாந்தைச் சுரண்டிக் கல்லை வெளிப்படுத்தினர். பல தலைமுறைகளின் வேலை அச்சாந்தோடு உதிர்ந்தது. இதனை எதிர்த்து வில்லியம் மொறிஸ் 1877 ஆம் ஆண்டிற் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினார். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்பது அதற்கு அவர்கள் இட்ட வேடிக்கைப் பெயர். பழுது பார்க்கலாம், தாங்கு கொடுக்கலாம், ஒழுக்கை அடைக்கலாம். பழைய நிலையை நாமே கற்பித்து ஆக்கலாகாது என்பதே அவர்தம் கோட்பாடு. அதே 1877 ஆம் ஆண்டிற்றான் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அவ்வாண்டிலேயே. தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராயிருந்தார். கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர் தச்சரையும் கொல்லரையும் அரக்குவேலைக்காரரையும் கண்டார். பழைய கட்டடங்கள் புறக்கணிப்பாலும் அறியாமையோடு செய்த திருத்தங்களாலும் கெடுவதைப் பொறாது, 1905 ஆம் ஆண்டிற் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908 ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அந்நூலை இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்திலே, மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மாத்திரம் அச்சிட்டார். சுரண்டலை எதிர்த்தவரின் பொறி, நம் தேசத்துக் கைவினைஞரின் உளியையும் அரக்கையும் பற்றிய நூலை அச்சிட்டது. கொள்கைகள் கடல் கடப்பது பெரும்பாலும் சொற்பொழிவுகளால் என்று நினைக்கின்றோம். சிலவேளை இரும்புப் பொறிகளாலும் கடக்கின்றன.

இக்கொள்கையை எதிர்த்து ஒருவர் நியாயமாகவே வினாவலாம்: “அலுமாரி நூதனசாலையில் இல்லை, என் வீட்டில் இருக்கின்றது. கறையான் அரித்ததையும் பூச்சு உரிந்ததையும் வரலாறு என்று பூசித்துக்கொண்டிருக்கலாமா?” ஆகாது. மொறிஸும் அங்ஙனம் கூறவில்லை. கறையான் பற்றிய பலகையை மாற்றவே வேண்டும். பழைய எனமல் பூச்சுக்களில் ஈயம் கலந்திருந்தது. உதிரும் பூச்சு, குழந்தைகள் தொட்டு வாயில் வைக்கும் இடத்தில் இருப்பின் அதனை வைத்திருத்தல் தீது. ஆனால் ஈயப்பூச்சை உலர்ந்தபடியே அரத்தாளிட்டுத் தேய்த்தல், விட்டுவைப்பதிலும் கொடிது. நஞ்சு தூளாய் வீடெங்கும் பரவும். இரசாயனக் களிம்புகளிலும் அவதானம் தேவை. மெதிலீன் குளோரைட்டுச் சேர்ந்தவை பூச்சை நொடியில் நெகிழச் செய்யும். அடைத்த அறையில் அவற்றின் ஆவி உயிரையே கொள்ளும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2019 ஆம் ஆண்டில் அத்தகையவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தமைக்கு அத்தகைய மரணங்களே காரணம்.

ஆயினும் யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடயத்திற் சிறப்பான பொறுப்பு ஒன்றுண்டு என்பது என் கருத்து. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. கிடைத்தற்கரிய ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 1706 ஆம் ஆண்டிற் கோட்டையினுள் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிற் கொண்டதோடு வீடுவிட்டுப் பெயர்ந்தனர். திரும்பியோர் பலருக்குக் கதவும் நிலையும்கூட எஞ்சவில்லை. எழுத்துச் சான்றை இத்துணை இழந்த மக்கள், எழுதாச் சான்றை எரிசோடாவில் தாமே அமிழ்த்துதல் தகுமா? கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்க்கு அலுமாரி வீட்டுப்பொருளாய் மட்டும் இருக்கலாம். நமக்கு அஃது அவ்வளவில் நிற்பதன்று.

ஆதலால் பழைய அலுமாரியைப் புதுப்பிக்க எண்ணுவோர் தொடுமுன் சற்றே பார்த்தல் வேண்டும். பார்க்கவேண்டிய இடங்கள் முகப்பில் இல்லை. லாச்சியின் அடியிலும் முதுகுப் பலகையிலும் மேல் விளிம்பின் பின்புறத்திலும் உள்ளன. அங்கே தச்சன் சீவுளி இட்டுச் செம்மை செய்வதில்லை. நேர்கோடுகளாய், ஒன்றோடொன்று சிறிது ஒவ்வாதனவாய் வாளின் சுவடு காணப்பட்டால், கையால் அறுத்த பலகை. வில்போல் வளைந்த சுவடாயின் வட்டவாளின் வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாதல் அரிது. திருகாணியின் நுனி மழுங்கியிருந்தால் அஃது அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாதல் கூடும்; கூர்முனைத் திருகாணி பெருவழக்காய் வந்தது அதன் பின்னரே. பூச்சை அறிவதற்குச் சுரண்ட வேண்டுவதில்லை. மறைவான ஓரிடத்தில் மெதைலேற்றட் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்தால், ஷெலாக் ஆயின் பிசுபிசுத்து நெகிழும். அவ்வாறாயின் அதனை உரிக்கவே தேவையில்லை. புதிய படை பழையதனுட் கலந்துவிடும் என்று முன்னர்க் கூறினேன். அத்தன்மையால், அழுக்கை நீக்கிப் பழைய ஷெலாக்கின் மேலேயே புதிய படை ஏற்றி அதனை உயிர்ப்பிக்கலாம். எண்ணெய் வார்னிஷும் எனமலும் அங்ஙனம் ஸ்பிரிட்டுக்கு எளிதில் இளகா. அவற்றை நீக்கத்தான் வேண்டுமெனின், ஒரு மூலையையாவது தொடாமல் விட்டுவைத்தல் நன்று. பூச்சின் படைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வெட்டுமுகமாய் வைத்து வரிசை காணும் முறையை ஆராய்ச்சியாளர் கையாளுகின்றனர். அதற்கு ஒரு கடுகளவு பூச்சே போதும்.

என் அலுமாரியில் அந்த ஒரு மூலை தப்பியது என் அறிவினாலன்று. அடிப்பலகை கழன்ற லாச்சி ஒன்றை, அலுமாரி பட்டறைக்குப் போகுமுன்னரே யாரோ கழற்றி, வெங்காயம் பரப்பும் தட்டாகப் பின்விறாந்தையில் வைத்திருந்தனர். பச்சைப் பூச்சோடு அஃது அப்படியே கிடந்தது. சென்ற ஆண்டு அதனைக் கழுவித் திருப்பிப் பார்த்தேன். எஞ்சியிருந்த அடிப்பலகையில் நேர்கோடாய் வாளின் சுவடு. பூட்டைப் பிடித்த திருகாணி இரண்டும் மழுங்கிய நுனியின. மாலை வெயில் சாய்வாய் விழும் வேளையிலே முகப்பைப் பிடித்து நோக்கினால், பச்சைப் பூச்சின் கீழே, திறப்புத் துவாரத்தைச் சுற்றி, வளைந்த ஓரமும் கூம்பிய நுனியும் கொண்ட உருவம் மெல்லிய வரம்பாய்த் தெரிகின்றது. மெல்லிய கடதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தடவி உருவத்தைப் பெயர்த்து, அளவுகளையும் குறித்து, அக்கடதாசியை லாச்சியினுள்ளேயே வைத்திருக்கின்றேன். வெங்காயத்துக்கு வேறு தட்டு வாங்கியாயிற்று.